குளிர்காலச் சம்பளம்

2015 பிப்ரவரி 3ஆம் தேதி டயானா டொராசி தன் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வரும் கோடையில் ஃபீனிக்ஸ் மெர்குரி அணிக்கு ஆடப்போவதில்லை என்பது அதன் சாரம். அவருக்குக் காயம் எதுவும் இல்லை. அணியோடு மனத்தாங்கலும் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அந்த அணி 34 ஆட்டங்களில் 29ஐ வென்று, அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் கோப்பையைத் தூக்கியிருந்தது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் டொராசிக்குத்தான் கிடைத்தது. குளிர்காலங்களில் அவர் ஆடிவந்த ரஷ்ய கிளப், உரால் மலையடிவாரத்து யெகதெரின்பர்க் நகரின் யூ.எம்.எம்.சி., அந்தக் கோடையில் ஓய்வெடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டது. ஓய்வுக்குப் பணமும் தந்தது. ஆடினால் அமெரிக்காவில் கிடைத்திருக்கும் சம்பளத்தைவிட அது அதிகம்.

அப்போது வெளியான கணக்குப்படி, டொராசியின் ரஷ்யச் சம்பளம் ஒரு சீசனுக்குச் சுமார் 15 லட்சம் டாலர். சொந்த நாட்டில் லீகின் உச்சவரம்புச் சம்பளம் 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர் அளவில் இருந்தது. ஏறத்தாழ 14 மடங்கு வித்தியாசம்.

இந்தச் செய்தி வந்தபோது பெரும்பாலோர் கேட்ட கேள்வி, அமெரிக்க லீக் ஏன் இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறது என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்க வேண்டும்: ரஷ்யா ஏன் இவ்வளவு அதிகமாகக் கொடுத்தது? அந்த 15 லட்சம் எந்த டிக்கெட் விற்பனையிலிருந்தும் வரவில்லை. எந்தத் தொலைக்காட்சி உரிமத்திலிருந்தும் வரவில்லை. டொராசியின் வெளிநாட்டு வாழ்க்கையை ஆண்டு ஆண்டாகப் பின்தொடர்ந்தால் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்று தெரியும். என் வாதமும் அதுதான்.

பெண்கள் கூடைப்பந்தில் வெளிநாடு என்ற சொல்லுக்கு ஆண்கள் ஆட்டத்தில் இல்லாத ஒரு பொருள் உண்டு. என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத ஆண்கள்தான் பெரும்பாலும் ஸ்பெயினுக்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போகிறார்கள். பெண்களில் போனவர்கள் முதல் வரிசைக்காரர்கள். அணியில் நல்ல இடத்தில் இருப்பவருக்குத்தான் வெளிநாட்டிலும் நல்ல விலை. 1990களின் நடுப்பகுதி வரை அவர்களுக்கு நிலையான வேறு வழி இருக்கவில்லை. 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடி நான்கு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்ற கார்டு தெரசா எட்வர்ட்ஸ், தன் இளமையின் நல்ல ஆண்டுகளை இத்தாலி, ஜப்பான், ஸ்பெயின், பிரான்ஸ் என்று கழித்தார். கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகு தொழிலாக ஆட அவருக்குச் சொந்த நாட்டில் நிலையான லீக் இல்லை. 1997இல் டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டங்களைத் தொடங்கியபோது அது கோடைகால லீகாகவே அமைந்தது. என்.பி.ஏ. அரங்குகள் காலியாகக் கிடக்கும் மாதங்கள் அவை. ஐரோப்பிய சீசனோ அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதவில்லை. கோடையில் புகழ், குளிர்காலத்தில் பணம் என்ற ஏற்பாடு இப்படித்தான் உருவானது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் உடலும் வருமானமும் அதற்குள் அடங்கிப்போயின.

டொராசி 1982இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். தந்தை இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர், தாய் அர்ஜென்டினாக்காரர். வீட்டில் ஸ்பானிஷ் பேச்சு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக 2002, 2003, 2004 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் வென்றார். லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2004 தேர்வில் எல்லோருக்கும் முதலாவதாக ஃபீனிக்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அந்த முதல் ஆண்டுச் சம்பளம் 40,800 டாலர். நாட்டிலேயே சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு, ஒரு பள்ளி ஆசிரியரின் ஊதியத்தோடு ஒப்பிடத்தக்க தொகை.

டொராசி ஒரு கார்டு. கார்டு என்பவர் யார் என்று இங்கே ஒரு வார்த்தை. களத்தில் நிற்கும் ஐவரில் இருவர் கார்டுகள். பந்தை எதிரணியின் பாதிக்குக் கொண்டுபோவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது, வேகத்தைக் கூட்டுவது, தேவைப்பட்டால் அடக்குவது, வட்டத்துக்கு வெளியிலிருந்து எறிவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. உயரமான சென்டர் ஆட்டக்காரர் புதிய ஊருக்குப் போனாலும் கூடைக்கு அடியில் நின்று தன் வேலையைத் தொடங்கிவிடலாம். கார்டுக்கு அது முடியாது. பயிற்சியாளர் ரஷ்ய மொழியில் கத்துவார்; பக்கத்தில் ஒருவர் செக் நாட்டுக்காரர், இன்னொருவர் ஸ்பானியர்; 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். அந்தக் குழப்பத்துக்கு நடுவே எல்லோருக்கும் புரிகிற ஒரு பேச்சைக் கண்டுபிடிப்பது கார்டின் வேலை. வெளிநாடு போகிற கார்டு தன் எறியும் திறமையை மட்டும் கொண்டுபோவதில்லை, அணியை நடத்தும் குரலையும் கொண்டுபோகிறார் என்பதை ஸ்கோர் அட்டை காட்டுவதில்லை.

2005 குளிர்காலத்தில் டொராசி மாஸ்கோவின் டைனமோ கிளப்பில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, பாயிண்ட் கார்டான தோழி சூ பேர்டோடு ஸ்பார்ட்டக் மாஸ்கோ ரீஜனுக்கு மாறினார். மாஸ்கோவை ஒட்டிய வித்னொயே என்ற சிறு நகரம் அந்த அணியின் ஊர். அங்கேதான் ஷப்தாய் கல்மனோவிச் இருந்தார்.

இவரைப் பற்றி நின்று பேசாமல் மேலே போக முடியாது. 1947இல் லித்துவேனியாவின் கௌனாஸில் பிறந்த யூதர். 1971இல் இஸ்ரேலில் குடியேறினார். அங்கே அரசியல் வட்டங்களில் பழகிச் செல்வம் சேர்த்தார். பிறகு சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு வேலை பார்த்த குற்றத்துக்காக 1988இல் இஸ்ரேலிய நீதிமன்றம் அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1993இல் விடுதலையானார், ரஷ்யாவுக்குப் போனார், சோவியத் சிதைவுக்குப் பிந்தைய மாஸ்கோவில் பெரும் வணிகரானார். கூடைப்பந்தின் மேல் அவருக்கு உண்மையான பித்து இருந்தது. உலகின் மிகச் சிறந்த பெண்களை ஒரே அணியில் பார்க்க விரும்பினார். விரும்பியபடி வாங்கினார். டொராசி, பேர்ட், ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சன், டினா தாம்சன் என்று ஒரு ஒலிம்பிக் அணி அளவுக்குப் பெயர்கள் வித்னொயேயில் கூடின. அமெரிக்காவில் சாதாரண விமானத்தின் நெருக்கமான இருக்கைகளில் பயணம் செய்தவர்களுக்கு, உள்ளேயே நீச்சல் குளம் கொண்ட பெரிய வீடு தந்தார். ஓட்டுநரும் சமையல்காரரும் இருந்தார்கள். வென்றால் கைநிறையப் பரிசு.

நம் மொழியில் இந்த உறவுக்குப் பழைய சொல் உண்டு: புரவலர். அவர் கொடுப்பது ஊதியம் அன்று, பரிசில். ஊதியத்துக்குச் சந்தை ஒரு விலை வைக்கும். பரிசிலின் அளவைக் கொடுப்பவரின் மனம் தீர்மானிக்கும். பரிசில் பெற்றவர் வழியில் எதிர்ப்படும் இன்னொரு கலைஞரை அதே வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதும் பழைய வழக்கம்தான். ஸ்பார்ட்டக்கிலும் அதுதான் நடந்தது. ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், அடுத்தவர் கிளம்பினார். ஆனால் அந்த அரங்கில் சில ஆயிரம் பேர் வந்தாலே கூட்டம். அணி தனக்கான செலவைத் தானே ஈட்டியதே இல்லை. கல்மனோவிச்சின் பையிலிருந்து பணம் வந்தவரை எல்லாம் நடந்தது.

பலனும் கிடைத்தது. ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீகை ஸ்பார்ட்டக் 2007, 2008, 2009 என்று வரிசையாக வென்றது. ரஷ்யாவில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஆழமான மரபு இருந்ததையும் மறக்கக் கூடாது. சோவியத் காலத்தில் ரிகா நகரின் டி.டி.டி. அணி மட்டும் 18 முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. 1976, 1980 ஒலிம்பிக் தங்கங்களும் சோவியத் பெண்களுடையவை. அந்த மரபின் பெருமிதத்தில் புதுப் பணக்காரர்கள் கால் வைத்தார்கள். அது வெறும் பணக்காரத் திமிர் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. பெண்கள் ஆடுவதை உலகின் தலைசிறந்த ஆட்டமாக மதித்து, அதற்கேற்ற மரியாதையோடு நடத்திய முதல் முதலாளிகளில் கல்மனோவிச் ஒருவர் என்பது, அவருடைய மற்ற கதைகளையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் மிஞ்சுகிற உண்மை.

2009 நவம்பர் 2ஆம் தேதி மாஸ்கோ நகருக்குள் அவர் கார் போய்க்கொண்டிருந்தபோது, இன்னொரு காரிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். டொராசியும் பேர்டும் வாழ்ந்த வீட்டின் புரவலர் போய்விட்டார். அவர்கள் ஊருக்கு ஓடிப்போகவில்லை. அந்த சீசனை ஆடி முடித்து, 2010 வசந்தத்தில் நான்காவது முறையாக யூரோலீகை வென்றார்கள். அதோடு அந்த யுகம் முடிந்தது. பணம் வந்த ஊற்று அடைபட்டதும் பெரிய பெயர்கள் கலைந்தன. சந்தையில் ஒரு முதலாளி இறந்தால் நிறுவனம் நிற்கும். இங்கே ஒரு மனிதரோடு எல்லாம் போயிற்று.

கடவுச்சீட்டுகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூரோலீகில் ஒரு கிளப் இத்தனை ஐரோப்பியர் அல்லாதவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ரஷ்ய உள்நாட்டு லீகுக்கும் அதற்கென்று ஒரு வரம்பு. ஆகவே அமெரிக்க கார்டின் விலை அவர் கையிலிருக்கும் இரண்டாவது கடவுச்சீட்டைப் பொறுத்து மாறும். டொராசிக்குத் தந்தை வழியில் இத்தாலியக் குடியுரிமை இருந்தது. விதிப்படி அவர் ஐரோப்பியர். சூ பேர்ட் 2006இல் இஸ்ரேலியக் குடியுரிமை பெற்றார். தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டியில் வளர்ந்த பெக்கி ஹேமன் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுக்கு ஆடச் சென்று, ரஷ்யக் குடிமகளாகி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்காகவே களமிறங்கி வெண்கலம் வென்றார். அரையிறுதியில் எதிரே நின்றது அமெரிக்கா, அந்த அணியில் டொராசி. ஹேமனை அப்போது தேசத்துரோகி என்று திட்டியவர்களும் உண்டு. அமெரிக்கத் தேர்வாளர்கள் அவரை அதுவரை ஒலிம்பிக் அணியில் சேர்த்திருக்கவில்லை என்பதைத் திட்டியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கத்திலும் இது நடந்தது: பிட்ஸ்பர்க்கில் பிறந்த கார்டு ஜே.ஆர். ஹோல்டன் ரஷ்யக் குடிமகனாகி, 2007 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் வெற்றிப் புள்ளிகளை எடுத்தார். குடியுரிமை என்பது ரத்தமும் மண்ணும் என்று நம்புகிறவர்களுக்கு இது உறுத்தலாம். ஆடிப் பிழைக்கிறவர்களுக்கு அது ஒரு வேலை அனுமதி.

டெட்ராய்ட் ஷாக் அணியின் கார்டு டியானா நோலன் இன்னொரு வழியை எடுத்தார். மூன்று கோப்பைகள் வென்ற அவருடைய அணி 2009க்குப் பிறகு டல்சாவுக்கு மாற்றப்பட்டது. நோலன் கூடவே போகவில்லை. யெகதெரின்பர்க்கில் ஆடினார், ஆடிக்கொண்டே இருந்தார், டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குத் திரும்பவே இல்லை. அமெரிக்க ரசிகர்கள் அவரை மெல்ல மறந்தார்கள். உரால் பகுதி ரசிகர்களுக்கு அவர் தங்கள் சொந்த ஆள். ஒரு கார்டின் வாழ்க்கையில் எது மையம், எது ஓரம் என்பதை யார் எழுதுகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

ஸ்பார்ட்டக் கலைந்தபின் டொராசி இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சேயில் சேர்ந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர் எவ்வளவு தனியானவர் என்பதைத் துருக்கிதான் காட்டியது. 2010 நவம்பரில் எடுத்த சிறுநீர் மாதிரியில் மோடாஃபினில் இருப்பதாக அங்காராவின் ஹாசெத்தெப்பே பல்கலைக்கழக ஆய்வகம் அறிவித்தது. தூக்கக் கோளாறுக்குத் தரப்படும், விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்து அது. அவர் மறுத்தார். இரண்டாவது மாதிரியும் அதையே சொன்னதாக அறிவிப்பு வந்தது. தற்காலிகத் தடை விழுந்தது. கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. லண்டன் ஒலிம்பிக்குக்கு ஒன்றரை ஆண்டே இருந்தது, இரண்டு ஆண்டுத் தடை வந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். 2011 பிப்ரவரியில் அதே ஆய்வகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. தடை நீங்கியது. அந்த ஆண்டே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆய்வகத்தின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. மூன்று மாதங்களில் ஒரு மனிதரின் நேர்மை சந்தேகத்துக்குள்ளாகி, பிறகு நேரானது. உள்ளூர் ஆட்டக்காரருக்கு இப்படி நேர்ந்திருந்தால் ஒரு சங்கம் பேசியிருக்கும், ஒரு ஊர் பக்கத்தில் நின்றிருக்கும். வந்து ஆடுகிறவருக்கு ஒரு வழக்கறிஞரும் ஒரு விமான டிக்கெட்டும்தான்.

இந்தத் தொழிலின் சாதாரண ஆபத்துகள் இதைவிடச் சிறியவை, ஆனால் பரவலானவை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்கு. வீடு, கார், பயணச் செலவு கிளப்பின் பொறுப்பு. ஆகவே வேலை போனால் வீடும் போகும். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் முதலில் பார்வை விழுவது வெளிநாட்டவர் மேல். சம்பள பாக்கி வைக்கும் கிளப்புகள் இருப்பதால்தான், ஆட்டக்காரர்களுக்கும் கிளப்புகளுக்கும் இடையிலான பண வழக்குகளைத் தீர்க்க உலகக் கூட்டமைப்பான ஃபிபா ஜெனீவாவில் தனி நடுவர் மன்றமே வைத்திருக்கிறது.

டொராசி அடுத்த குளிர்காலத்தை கலாத்தசராயில் கழித்துவிட்டு, 2012இல் யெகதெரின்பர்க் போனார். 2013 யூரோலீக் இறுதி அந்த நகரத்திலேயே நடந்தது. எதிரே நின்ற அணி, அவருடைய ஒப்பந்தத்தை முறித்த அதே ஃபெனர்பாச்சே. யெகதெரின்பர்க் வென்றது. இந்த கிளப்பின் புரவலர் தனிமனிதர் அல்லர், யூ.எம்.எம்.சி. என்பது உரால் சுரங்க உலோக நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். செம்பு தோண்டி விற்ற பணம் அது. தனி விமானத்தில் பயணம், நேரத்துக்குச் சம்பளம். அங்கே ஆடியவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

உடல் மட்டும் ஒன்றுதான். கோடையில் 34 ஆட்டம், பிறகு பிளேஆஃப், அக்டோபரில் ரஷ்யா, வசந்தத்தில் யூரோலீக் இறுதி, மறுபடி அமெரிக்கப் பயிற்சி முகாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக்கும் உலகக் கோப்பையும். பத்து ஆண்டுகளாக அவர் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஓய்வு மாதம் என்று ஒன்று கிடைக்கவில்லை. 2015 கடிதத்தின் மையம் அதுதான். இதே களைப்பின் விலையை 2019 ஏப்ரலில் பிரீயன்னா ஸ்டூவர்ட் கொடுத்தார். ஹங்கேரியின் ஷோப்ரோனில் யூரோலீக் இறுதியில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அமெரிக்க லீகின் நடப்புச் சிறந்த ஆட்டக்காரர் அந்தக் கோடை முழுவதும் ஆடவில்லை. காயம் ரஷ்ய கிளப்பின் வேலையில், இழப்பு அமெரிக்க லீகுக்கு.

இங்கேதான் அந்த முடிச்சு அவிழ்கிறது. அமெரிக்க லீக் அவ்வளவு குறைவாகக் கொடுத்தும் தன் நட்சத்திரங்களை இழக்காமல் இருந்ததற்குக் காரணம், மீதியை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யச் செம்பும் மாஸ்கோ வணிகரின் பணமும் அமெரிக்க லீகின் மறைமுக மானியம். வித்னொயேயின் வீடும் யெகதெரின்பர்க்கின் தனி விமானமும் இல்லாதிருந்தால், 40,800 டாலரில் தொடங்கிய ஒருவர் இருபது சீசன் ஆடியிருப்பாரா என்று சந்தேகப்படுகிறேன். 2015இல் யூ.எம்.எம்.சி. ஓய்வை விலைக்கு வாங்கியபோது அந்த மானியம் ஒருமுறை நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான். அப்போதுதான் லீகுக்கு அது கண்ணில் பட்டது.

2020 ஒப்பந்தத்தில் லீக் அடிப்படைச் சம்பளத்தின் உச்சவரம்பை 2,15,000 டாலராக உயர்த்தியது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: 2023 முதல் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வரும் அனுபவசாலிகளுக்கு அபராதம், 2024 முதல் அந்த சீசன் முழுவதும் இடைநீக்கம். சம்பளம் இன்னும் ரஷ்யத் தொகையின் அருகில்கூட வராத நிலையில் கதவை மட்டும் சாத்தியது சரியல்ல என்பது என் எண்ணம். ஆனால் விதி நடைமுறைக்கு வரும் முன்பே அந்தக் கதவு வேறு கையால் அடைபட்டது. 2022 பிப்ரவரி 17 அன்று, ஃபீனிக்ஸிலும் யெகதெரின்பர்க்கிலும் டொராசியோடு ஆடிய பிரிட்னி கிரைனர், மாஸ்கோவின் ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளோடு கைது செய்யப்பட்டார். ஒரு வாரத்தில் உக்ரைன் போர் தொடங்கியது. ஃபிபா ரஷ்ய அணிகளை விலக்கியது. ஆகஸ்டில் கிரைனருக்கு ஒன்பது ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மொர்தோவியாவின் சிறை முகாமிலிருந்த அவரை டிசம்பர் 8 அன்று, ஆயுத வணிகர் விக்டர் பூட்டுக்கு ஈடாக, அபுதாபி ஓடுதளத்தில் கைமாற்றினார்கள். சம்பளத்துக்காகப் போன குளிர்காலம் அவருக்கு அப்படி முடிந்தது.

டொராசி 2017இலேயே ரஷ்யாவை விட்டிருந்தார். குளிர்காலங்கள் கைக்கு வந்தபின் இன்னும் எட்டு கோடைகள் கணக்கில் சேர்ந்தன. 2017இல் லீகின் மொத்தப் புள்ளிகளில் முதலிடத்துக்கு வந்தபோது அவர் முந்தியது டினா தாம்சனை, வித்னொயேயில் ஒரே அணியில் ஆடிய அதே தாம்சனை. 2023 ஆகஸ்டில், 41 வயதில், ஒரே ஆட்டத்தில் 42 புள்ளிகள் எடுத்து, லீகில் மொத்தம் 10,000ஐக் கடந்த முதல் பெண்ணானார். பாரிஸில் ஆறாவது ஒலிம்பிக் தங்கம். 2025 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார்.

அவருடைய கடைசி சீசனான 2024இல்தான் லீக் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது. அதே ஆண்டில் முதல் தேர்வாக வந்த இன்னொரு கார்டு, கெய்ட்லின் கிளார்க். லீக் சம்பளம் 76,535 டாலர், ஆனால் விளம்பர ஒப்பந்தங்கள் அதைப் பல மடங்கு தாண்டின. அந்த அக்டோபரில் சீசன் முடிந்தது. கிளார்க் எந்த வெளிநாட்டு கிளப்புக்கும் போகவில்லை. உடற்பயிற்சியும் ஓய்வுமாக அந்தக் குளிர்காலத்தை அமெரிக்காவிலேயே கழித்தார்.